ரம்யா வாசிப்பை நிறுத்திய இடம்

ஒரு குழந்தை வாசித்துக்கொண்டே வந்து ஒரு வரியில் நின்றுவிட்டால், அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க உங்கள் வாய் தானாகத் திறக்கும். இந்தப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அந்தக் கணம் முதல் வாரத்திலேயே வந்துவிடும். அப்போது என்ன செய்யலாம் என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதற்கு எதிராக நான் எதையும் சொல்லப்போவதில்லை. பரங்கிப்பேட்டையை அடுத்த ஒரு மீனவக் குப்பத்தில், ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒரு வரியில் நின்றுபோனதையும், அந்த வரிக்கு நாங்கள் வந்து சேர்ந்த வழியையும் மட்டும் சொல்கிறேன்.

ஆழிப்பேரலை வந்துபோன அடுத்த ஆண்டு நான் கடலூருக்கு வந்தேன். எங்கள் அமைப்பு மிகச் சிறியது. திருப்பாதிரிப்புலியூரில் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அறை அலுவலகம். பிறகு சிதம்பரத்தில் இன்னொரு அறை. கடற்கரைப் பள்ளிகளில் நாளுக்கு ஒரு மணி நேரம் குழந்தைகளுக்கு வாசிப்புக்கென்று ஒதுக்கச் செய்து, அந்த நேரத்துக்கு வேண்டிய வாசிப்புத் தாள்களை நாங்களே எழுதி அச்சிட்டுக் கொடுத்தோம். ஒரு தாளின் இரு பக்கங்களிலும் ஒரு கதை. ராஜாவும் பேசும் நரியும் அதில் வரமாட்டார்கள். தேனீ எப்படி வழி கண்டுபிடித்துத் திரும்புகிறது, கடிதம் எப்படி ஊர் விட்டு ஊர் போகிறது, பாலம் ஏன் விழாமல் நிற்கிறது என்று உலகத்தில் உண்மையாக நடப்பதையே கதைபோலச் சொல்வோம். அடியில் சில கேள்விகள் இருக்கும். வாசித்ததைக் குழந்தை புரிந்துகொண்டதா என்பதை அந்தக் கேள்விகள் காட்டிவிடும் என்று நம்பினோம்.

அந்தக் குப்பத்துப் பள்ளியில் வாசிப்பது என்றால் ராகம் போட்டு, எல்லோரும் சேர்ந்து, உரக்க வாசிப்பது. சத்தம் வலை பின்னும் கொட்டகை வரைக்கும் கேட்கும். பெற்றோர்களுக்கு அதுதான் கணக்கு. சத்தம் குறைந்த நாளில், "இன்னா, ஸ்கூல்ல சத்தமே காணோம், டீச்சர் லீவா?" என்று வாசலில் வந்து எட்டிப்பார்ப்பார்கள். ஐந்தாம் வகுப்பை எடுத்தவர் ஜெசிந்தா டீச்சர். கடலூர் முதுநகரிலிருந்து நாளும் பேருந்தில் வந்துபோனவர். அவருடைய வகுப்பின் சத்தம் மற்ற எல்லா வகுப்புகளையும் அமுக்கிவிடும். ஆனால் அதில் அவருக்கே மகிழ்ச்சி இல்லை.

"பாட்டு மாதிரி வருது சார். நடுவுல நிறுத்தி, இப்ப இன்னா படிச்சேன்னு கேட்டா, திரும்ப முதல் வரியிலேருந்து பாட ஆரம்பிக்கிறாங்க" என்றார் ஒரு நாள்.

அந்த வகுப்பில்தான் ரம்யா இருந்தாள். கருவாடு போட்டு விற்கும் வளர்மதி என்பவரின் இரண்டாவது மகள். வளர்மதியை நான் முதலில் பார்த்தது மீனைக் காயப்போடும் பரணுக்குப் பக்கத்தில். மகள் ஆறாம் வகுப்புக்குப் பரங்கிப்பேட்டை உயர்நிலைப் பள்ளிக்குப் போவாள் அல்லவா என்று ஒரு மரியாதைக்குக் கேட்டேன். அவர் கையிலிருந்த மீனைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்.

"பெரியவளையும் அங்கதான் சார் கொண்டு போயி வுட்டேன். புஸ்தகத்தப் பாத்தா ஒண்ணும் வெளங்கலன்னு பொங்கலுக்கு முன்னாடியே திரும்பி வந்துட்டா. அவுங்க டீச்சர் எல்லாருக்கும் முன்னாடி எழுப்பி வுட்டுக் கேப்பாங்களாம். அழுதுக்கிட்டே வருவா. இவளும் நல்லாத்தான் கத்துறா. அவளும் நல்லாத்தான் கத்துனா."

"அப்படின்னா இவள அனுப்பப் போறதில்லையா?"

"தானாப் படிச்சி, அதுல இன்னா போட்டிருக்குன்னு எனக்குச் சொல்லட்டும். அனுப்புறேன். இல்லன்னா எதுக்கு? அங்க போயி அவமானப்படறதுக்கு இங்க மீனக் காய வைக்கலாம்."

நான் பட்டப்படிப்பில் கல்வி அளவீடு பற்றிப் பல பக்கங்கள் படித்தவன். வாசித்துப் புரிந்துகொள்ளுதல் என்பதற்கு அதைவிடத் தெளிவான வரையறையை நான் எங்கும் பார்த்ததில்லை. அதே வேளையில், வளர்மதி வைத்த அந்தத் தேர்வில் ரம்யா தேறமாட்டாள் என்பதும் எனக்குத் தெரிந்தது. அந்தக் கல்வியாண்டு முடிவதற்குள் அவள் தேறியாக வேண்டும். அதன் பிறகு கேட்கும் வாய்ப்பு வராது.

எங்கள் தாள்களோ நன்றாக வேலை செய்வதாகக் காட்டின. முந்தைய ஆண்டின் தேர்வில் கடற்கரைப் பள்ளிகள் எல்லாவற்றிலும் மதிப்பெண்கள் உயர்ந்திருந்தன. குழந்தையின் சூழலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. நாங்கள் அதைப் பக்தியோடு பின்பற்றினோம். நண்டு ஓடு கழற்றுவது, இறால் குஞ்சு ஆற்று முகத்தில் வளர்வது, சுரபுன்னை வேர் சேற்றில் மூச்சுவிடுவது என்று அவர்களைச் சுற்றி உள்ளவற்றையே எழுதினோம். அந்த விதியின் மறுபக்கம் ஒரு பேருந்தின் தயவால்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நண்டுத் தாளை வைத்து அரையாண்டுத் தேர்வு நடத்த நான் சிதம்பரத்திலிருந்து டவுன் பஸ்ஸில் புறப்பட்டேன். கேள்வித்தாள்கள் தோள்பையில் இருந்தன. வாசிப்புத் தாள்களின் கட்டை இருக்கைக்கு அடியில் வைத்தேன். பரங்கிப்பேட்டையில் இறங்கிப் பாதி வழி நடந்த பிறகுதான் கை வெறுமையாக இருப்பது உறைத்தது. தொலைபேசியில் அலுவலகத்தைப் பிடித்து, அவர்கள் பேருந்து நிலையத்துக்கு ஆள் அனுப்பி, கண்டக்டர் அந்தக் கட்டை அடுத்த நடையில் எடுத்துவர ஏற்பாடு செய்தோம். அதுவரை குழந்தைகளைச் சும்மா உட்காரவைக்க முடியாது என்று ஜெசிந்தா டீச்சர் கேள்விகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் கட்டோடு உள்ளே நுழைந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், கஷ்டப்பட்டுத் தூக்கிட்டு வந்தீங்க. இங்க பரீட்சையே முடிஞ்சிடுச்சி. ஓடு கழட்டுன நண்டு ஏன் ஒளிஞ்சிக்கிதுன்னு கேட்டேன்..."

"மேலு மெத்து மெத்துன்னு இருக்கும், கொடுவா மீனு வந்து தின்னுட்டுப் போயிடும்!" என்று வகுப்பே கத்தியது.

"பாத்தீங்களா? எல்லாக் கேள்விக்கும் இப்புடித்தான். ஒரு தப்பு கூட இல்ல. படிக்காமயே..."

அந்தச் சொல்லில் அவருடைய சிரிப்பு நின்றது. என் கையில் கட்டு அப்படியே இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ரம்யா முன் வரிசையில் உட்கார்ந்து, "அடுத்த கேள்வி கேளுங்க டீச்சர்" என்று உற்சாகமாகக் கையை ஆட்டினாள்.

ஓர் ஆண்டு முழுவதும் நாங்கள் அளந்தது அவர்களுடைய வாசிப்பை அல்ல. நண்டைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை அளந்திருக்கிறோம். அது அவர்களுக்கு எங்களைவிட நன்றாகவே தெரிந்திருந்தது. ரம்யாவின் அக்காள் ஏன் ஆறாம் வகுப்பிலிருந்து அழுதுகொண்டு திரும்பினாள் என்பதற்கும் அந்தத் தாள்கட்டுக்குள்தான் விடை இருந்தது. அங்கே பாடப்புத்தகத்தில் வந்தவை அவளுக்கு முன்பே தெரிந்தவை அல்ல. தெரியாததைப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்ள அவளுக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை.

அன்று மாலை சிதம்பரம் அலுவலகத்தில் நாங்கள் கூடினோம். எங்கள் ஒருங்கிணைப்பாளர் அம்மையார் அதிகம் பேசாதவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மார்ச்சில் சென்னையிலிருந்து மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் எழுதுவதைப் பொறுத்துத்தான் வாசிப்பு நேரம் அடுத்த ஆண்டும் நடக்கும்" என்று நினைவூட்டினார்.

இதில் இரண்டு வழிகள் இருந்தன என்பது உங்களுக்கே புரியும். நண்டுத் தாளை மதிப்பீட்டாளர் முன் வைத்தால் குழந்தைகள் ஜொலிப்பார்கள், வாசிப்பு நேரம் தொடரும். அப்படித் தொடர்ந்தால் பிறகு மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று ஒருவர் வாதிட்டார். அது மோசமான வாதம் அல்ல. நிறுத்தப்பட்ட திட்டத்தால் எந்தக் குழந்தைக்கும் பயன் இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஆண்டு ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் நாங்கள் திருத்திக்கொள்ளும் வரை காத்திருக்கமாட்டார்கள். ஜூன் மாதம் அவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள், அல்லது பரணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். ஒருங்கிணைப்பாளர் இரு பக்கத்தையும் கேட்டு, "நண்டை எடுத்துவிடுவோம். ஏன் எடுத்தோம் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுவோம்" என்றார். அவருடைய குரலில் வீரம் எதுவும் இல்லை. கணக்குப் பார்த்துச் சொன்னதுபோல இருந்தது.

முதலில் எதிர்ப்பக்கத்துக்குத் தாவினோம். பாலைவனம், எரிமலை என்று அவர்கள் கேள்விப்படாதவற்றைக் கொடுத்தோம். வகுப்பு ராகம் போட்டுப் பாடி முடித்தது. ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. "எங்க புள்ளைங்கள அசிங்கப்படுத்துறதுக்குன்னே எழுதிக்கிட்டு வரீங்களா சார்?" என்று ஜெசிந்தா டீச்சர் உண்மையாகவே கோபித்துக்கொண்டார். அவருடைய கோபம் நியாயமானது. கால் வைக்கக் கொஞ்சம் தரை இல்லாத இடத்தில் யாரும் எட்டு எடுத்துவைக்க முடியாது.

அதன் பிறகு பாதி தெரிந்ததும் பாதி தெரியாததுமாக எழுதிப்பார்த்தோம். குளிர் நாடு ஒன்றில் ஏரி உறைந்துபோனதும், அதன் மேல் நின்று, துளை போட்டு, தூண்டில் இறக்கி மீன் பிடிப்பவர்களைப் பற்றிய தாள் அது. மீனும் தெரியும், ஐஸும் தெரியும், மற்றது தெரியாது. சேர்ந்து பாட வேண்டாம், ஒவ்வொருவராக வாசிக்கட்டும் என்று ஜெசிந்தா டீச்சரே ஏற்பாடு செய்தார். ரம்யாவின் முறை வந்தது. மறுபக்கத்தின் மூன்றாவது வரியில் அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"டீச்சர், இது பொய்யி."

"எது?"

"ஐஸ் மேல நிக்கிறாங்களாம். வண்டி வேற ஓட்டுறாங்களாம். எங்க மாமா போட்டுல ஐஸ் ஏத்துறாரு, மத்தியானத்துக்குள்ள பாதி தண்ணியாப் பூடுது."

"அங்க வெயிலே அடிக்காதாம் லூசு, அதான் போட்டிருக்குல்ல" என்றான் பின்னாலிருந்த ஒரு பையன்.

"எங்க போட்டிருக்கு?"

"மொத பக்கத்துலதான். நீதான வாசிச்ச?"

"நான் எங்க வாசிச்சேன், வாய்தான் வாசிச்சிச்சி" என்றாள் ரம்யா. வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே தாளைத் திருப்பி, முதல் பக்கத்தில் விரல் வைத்துத் தேடினாள்.

அந்தப் பள்ளியில் ஒரு குழந்தை, யாரும் சொல்லாமல், தான் கடந்துவந்த பக்கத்துக்குத் திரும்பிப்போனதை நான் அன்றுதான் முதன்முதலில் கண்டேன். அது ஒரு சண்டையில் பிறந்தது. பக்கத்தில் எழுதியிருப்பதும் தனக்குத் தெரிந்ததும் மோதுகின்றன என்று கண்டுபிடிக்க, எழுதியிருப்பது என்ன என்று முதலில் புரிந்திருக்க வேண்டும். பொய் என்று சொன்ன குழந்தை புரிந்துகொண்ட குழந்தை. ஜெசிந்தா டீச்சருக்கு மட்டும் வேறு கவலை இருந்தது.

"ஒரே ஒரு தாளு, முக்கா மணி நேரம் ஆயிடுச்சி சார். இப்புடியே சண்ட போட்டுக்கிட்டிருந்தா நாங்க எப்ப போர்ஷன் முடிக்கிறது?"

அதே முறையில் நாங்கள் எழுதிய தாள்களில் ஒன்று உப்பு மலையைப் பற்றியது. உப்பு அந்தக் குப்பத்தில் கையில் ஒட்டிக்கொண்டே இருக்கும் பொருள். மூட்டை மூட்டையாக லாரியில் மரக்காணத்திலிருந்து வந்து இறங்கும். அந்த உப்பை, கடலே இல்லாத வடமேற்கு மலைகளில், சுரங்கம் குடைந்து பாறையாக வெட்டி எடுக்கிறார்கள் என்று கதை தொடங்கும். மலைக்குள் உப்பு எப்படி வந்தது என்று சொல்லும்போது, அந்த இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்று எழுதித்தான் ஆக வேண்டும்.

எங்கள் ஒருங்கிணைப்பாளர் அந்த வரியில் பேனாவை வைத்து நிறுத்தினார். "கடல் உள்ளே வந்ததைக் கண்ணால் பார்த்த குழந்தைகள் இவர்கள். மலை நிற்கும் இடத்தில் கடல் இருந்தது என்று நாமே எழுதிக் கொடுக்கத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரைப் பள்ளிகளுக்குக் கொடுக்கும் எதிலும் கடல் ஏறுவதைப் பற்றி எழுதுவதில்லை என்று எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கம் அன்பில் பிறந்தது. ரம்யா அலை வந்த காலையில் தன் சித்தியை இழந்தவள். அவளைப் போன்றவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருந்தார்கள். ஒரு வரி ஒரு குழந்தையின் தூக்கத்தைக் கெடுத்தால் அதற்கு யார் பொறுப்பு? அந்த வரியை எடுத்துவிட்டால், மலையில் உப்பு கிடைக்கிறது என்பதோடு கதை நின்றுவிடும். ஏன் என்று கேட்கத் தொடங்கியிருக்கும் குழந்தையிடம் ஏன் என்பதை மட்டும் மறைத்தவர்கள் ஆவோம். என்னால் முடிவெடுக்க முடியவில்லை. தாளை எடுத்துக்கொண்டுபோய் ஜெசிந்தா டீச்சரிடம் கொடுத்தேன்.

அவர் வாசித்துவிட்டுச் சொன்னார்: "எடுக்காதீங்க சார். அந்த நெனப்பு இதுங்க மனசுலேருந்து போயிடுச்சின்னா நெனைக்கிறீங்க? யாரும் வாயத் தொறக்கறதில்ல, அவ்ளோதான். ஆனா இங்க ஒண்ணு விட்டுட்டீங்க. கடல் இருந்துச்சின்னு நிறுத்தாதீங்க. அப்பறம் இன்னா ஆச்சி, எவ்ளோ மெதுவா ஆச்சி, அத எழுதுங்க. அது ஒரே நாள்ல நடக்கலன்னு தெளிவா எழுதுங்க."

அப்படியே எழுதினோம். அந்தத் தாளை எந்த வகுப்புக்கும் கொடுத்துப் பார்க்கவில்லை. மதிப்பீட்டாளர் எடுத்துப்பார்க்கும் புதிய தாள்களோடு வைத்தோம்.

மார்ச்சில் அவர் வந்தார். கண்ணியமானவர், எதையும் அவசரமாகத் தீர்மானிக்காதவர். நண்டின் கதையை அவரிடம் மறைக்காமல் சொன்னோம். "அப்படியென்றால் போன ஆண்டு நீங்கள் அனுப்பிய முடிவுகள்?" என்று கேட்டார். அவற்றை வாசிப்பின் முடிவுகளாகக் கொள்ள வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளர் சொன்னார். மதிப்பீட்டாளர் எதையோ குறித்துக்கொண்டார். அவருடைய முகத்திலிருந்து எங்களால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

பெற்றோர்களும் வந்திருந்தார்கள். வளர்மதி உப்புக் கையோடு ஓடிவந்து கடைசி வரிசையில் நின்றார். மதிப்பீட்டாளர் வருகைப் பதிவைப் பார்த்து ஒரு பெயரைக் கூப்பிடும் முன்பே வளர்மதியின் குரல் வந்தது.

"சார், யார வேணா கூப்புடுங்க. எம்பொண்ணையும் கூப்புடுங்க. நான் வேலைய வுட்டுட்டு வந்திருக்கேன்."

"எதுக்கும்மா அவ்வளவு அவசரம்?" என்று அவர் புன்னகைத்தார்.

"ஆறாவதுக்கு அனுப்பறதா வேணாமான்னு இன்னைக்கித் தெரிஞ்சிடும் சார். அதான்."

ரம்யா எழுந்து வந்தாள். அவர் தாள்களைக் கலைத்து ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார். தூரத்திலிருந்தே தெரிந்தது: உப்பு மலை. ஜெசிந்தா டீச்சர் என் பக்கம் திரும்பவில்லை. அவருடைய விரல்கள் மட்டும் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்தன.

மதிப்பீட்டாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். அந்தக் காலத்தில் வாசிப்பின் வேகத்தையும் அளப்பது வழக்கம். ரம்யா ராகம் இல்லாமல் வாசித்தாள். மலை வந்தது, சுரங்கம் வந்தது, ரோஜா நிறப் பாறை வந்தது. "உப்பா?" என்று தனக்குத்தானே ஒருமுறை கேட்டுக்கொண்டு மேலே போனாள். பின்னால் பெண்கள் தங்களுக்குள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அவள் வாசித்தாள்: "இன்று அந்த மலை நிற்கும் இடம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது."

அங்கே நின்றாள்.

சிரிப்பும் நின்றது. அந்த அறையில் கடல் என்ற சொல்லுக்கு எல்லோருக்கும் ஒரே பொருள்தான் இருந்தது. மதிப்பீட்டாளர் வெளியூர்க்காரர், அவருக்கு அது எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தையின் தயக்கமாகப் பட்டது. இரக்கத்தோடு குனிந்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுத்தார்.

"இருங்க சார்" என்றாள் ரம்யா.

கடைசி வரிசையில் வளர்மதி முந்தானையை இழுத்துச் செருகினார். சத்தம் நின்றால் அவருக்குப் பள்ளி நின்றதாகத்தான் பொருள். பெரிய மகளையும் இப்படித்தான் எழுப்பிவிட்டுக் கேட்டார்கள், அவளும் இப்படித்தான் நின்றிருப்பாள். அவர் கதவுப் பக்கம் ஓர் அடி எடுத்துவைத்ததை நான் பார்த்தேன்.

ரம்யா தலையை நிமிர்த்தி, மதிப்பீட்டாளரைப் பார்க்காமல், நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சார், கடலு அவ்ளோ தூரம் ஏறிச்சா?"

ஒரே வாக்கியத்தில் நான் பதில் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளுடைய பயம் அந்த நொடியே தணிந்திருக்கும். வளர்மதியும் நின்றிருப்பார், மதிப்பீட்டாளரும் திருப்தி அடைந்திருப்பார். சொல்லாமல் விட்டு, அவள் தேடிக் கண்டுபிடிக்காமல் போனால், இத்தனை பேர் முன்னால் அந்தக் கேள்வியோடு அவளைத் தனியாக நிறுத்திய குற்றம் என்னுடையதாக இருக்கும். அது சிறிய குற்றம் அல்ல. ஆனால் என் வாயிலிருந்து வரும் பதில் அன்றைக்கு மட்டும்தான் உதவும். ஜூன் மாதம் பரங்கிப்பேட்டையில் அவள் எழுந்து நிற்கும்போது நான் பக்கத்தில் இருக்கமாட்டேன். அவளுக்கு வேண்டிய பதில், அவள் கையிலிருந்த தாளில், அவளுடைய கட்டைவிரலுக்குச் சற்றுக் கீழே இருந்தது. உறைந்த ஏரியின் பக்கத்தைத் திருப்பிய குழந்தை இவள் என்பதை மட்டும் நம்பினேன்.

"தாள்ல இன்னும் கொஞ்சம் இருக்கும்மா. பாரு" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவள் பார்த்தாள். சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்தது. ஒரு வரியைத் தாண்டி, மறுபடி மேலே போய், கீழே வந்தாள். மதிப்பீட்டாளர் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளுடைய முகத்தைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். வெளியே ஏதோ ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. வளர்மதி கதவருகே அப்படியே நின்றார்.

"ஏறல" என்றாள் ரம்யா.



"கடலு ஏறல. அது அங்கியேதான் இருந்திருக்கு. வெயில்ல வத்திப் போயி, உப்பு மட்டும் தங்கிடுச்சி. மேல மண்ணு மூடிக்கிச்சி. அப்பறம் தரைதான் மேல எழும்பி மலையா ஆயிருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டு, விரலை ஒரு வரியின் மேல் வைத்தாள். "ரொம்ப ரொம்ப வருஷமா எழும்பிச்சாம். ஒரே நாள்ல இல்லன்னு போட்டிருக்கு. இங்க."

தன்னுடைய அம்மாவைப் பார்த்துத்தான் அவள் அதைச் சொன்னாள். ஜெசிந்தா டீச்சர் நாற்காலியின் முதுகிலிருந்து கையை எடுத்தார்.

மதிப்பீட்டாளர் பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "இவள் நின்ற நேரத்தை நான் தடுமாற்றம் என்றுதான் எழுதியிருப்பேன். இதை எழுத என்னிடம் கட்டமே இல்லையே" என்று மெதுவாக எங்களிடம் சொன்னார். கடைசியில் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஏதோ எழுதினார். அடுத்த ஆண்டும் வாசிப்பு நேரம் நடந்தது. அந்த ஓரக் குறிப்புக்கு அதில் எவ்வளவு பங்கு என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கேட்டால் நான் ஊகிக்கவும் மாட்டேன்.

ஆனால் ரம்யாவின் தீர்ப்பு மதிப்பீட்டாளரிடம் இல்லை. அது கதவருகே நின்றுகொண்டிருந்தது. வளர்மதி பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து முன்னால் வந்தார். தாளை மகளின் கையிலிருந்து வாங்கி, தலைகீழாகப் பிடித்திருப்பதை உணர்ந்து திருப்பிக்கொடுத்தார்.

"நெசமாவே அதுல அப்புடியா போட்டிருக்கு?"

"ஆமாம்மா. இந்தா பாரு, இந்த வரி."

"எனக்கு இன்னா தெரியும்? நீதான் பாக்கணும்." பிறகு கேட்டார்: "பல்லு வலிக்கு உங்க அத்த நாட்டு மருந்துக் கடையில இந்துப்புன்னு வாங்கியாருமே, செவப்பா, அதுவாடி இது?"

"அதே உப்புதாம்மா" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

"அப்புடியா!" வளர்மதிக்கு இப்போது மதிப்பீட்டாளரும் மறந்துபோனார், நாங்களும் மறந்துபோனோம். ரம்யாவின் பக்கம் திரும்பி, தொழில்காரியாகக் கேட்டார்: "அந்த உப்புல கருவாடு போட்டா கெடாம நிக்குமா? அது இன்னா போட்டிருக்கு, பாரு."

 ரம்யா தாளின் முதல் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். திருப்பி, மறுபக்கத்தையும் பார்த்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"இதுல இல்லம்மா" என்றாள். "இது வேற எதுலயாச்சும் இருக்கும்."

"வேற எதுலன்னா, அது எங்க இருக்கும்?"

"பரங்கிப்பேட்ட ஸ்கூல்ல ஒரு ரூம்பு ஃபுல்லா புக்கு வெச்சிருக்காங்களாம்."

வளர்மதி உப்புக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"சரி. ஜூன்ல போறல்ல, பாத்துட்டு வந்து சொல்லு" என்றார்.